மாடிவரை ஏறிய முல்லை ஏன் பூக்கவில்லை?

ஜனவரி 18 – கேள்வி (விருதுநகர் வாசகர்)

வாசல் ஓரத்தில் வைத்த முல்லைக் கொடி மொட்டை மாடியைத் தாண்டிப் போய்விட்டது. இலை கரும்பச்சையாகச் செழித்து நிற்கிறது. ஆரம்பத்தில் சாயங்காலம் ஒரு கைப்பிடி பூ கிடைத்தது. வருடத்துக்கு வருடம் குறைந்து, போன சித்திரையில் உச்சியில் நாலைந்து பூதான். மாட்டுச் சாணமும் கடலைப் புண்ணாக்கும் தவறாமல் வைக்கிறேன். பூப்பதற்கு என்ன மருந்து அடிக்க வேண்டும்?

ஜனவரி 18, இரவு

மருந்து எதுவும் வேண்டாம். கவாத்துக் கத்தரியை எடுங்கள்.

முல்லை அந்தந்தப் பருவத்தில் விடுகிற புதுக் கிளையின் நுனியிலும் பக்கக் கணுக்களிலும்தான் அரும்பு கட்டும். முற்றிப்போன பழைய தண்டில் கட்டாது. வெட்டாமலே வளர்ந்த கொடியில் புதுத் தளிர் எங்கே இருக்கும்? உச்சியில். உங்கள் நாலைந்து பூவும் அங்கேதான் இருந்தன, நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கீழே இருப்பது சுள்ளியும் அதைப் போர்த்திய இலையும்.

ஜனவரி கடைசி வாரம் முல்லைக்குக் கவாத்துக் காலம். பூ விவசாயிகள் தரையிலிருந்து 45 செ.மீ. உயரம் விட்டு, கிட்டத்தட்ட முழங்கால் மட்டத்துக்கு, மொத்தமாக வெட்டிவிடுவார்கள். உங்களுக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. இன்றிலிருந்தே தண்ணீரைக் குறையுங்கள்.

ஜனவரி 19

கத்தரி எடுப்பதற்குமுன் அது முல்லைதானா என்று பார்த்துவிடுங்கள். கொடியாக ஏறும், வெள்ளையாகப் பூக்கும், மணக்கும் என்றால் போதும், முல்லை என்று சொல்லி விற்றுவிடுகிறார்கள்.

இலையைப் பார்த்தால் தெரிந்துவிடும். மல்லிகைக்குக் கணுவுக்குக் கணு எதிரெதிராக ஒற்றை இலை. பிச்சிக்கு (சாதிமல்லி என்றும் சொல்வார்கள்) ஒரே காம்பில் ஐந்து, ஏழு எனச் சிற்றிலைகள் வரிசையாக இருக்கும். அரும்பின் வெளிப்புறத்தில் இளஞ்சிவப்புப் படிந்திருக்கும். முல்லையில் ஒரு பெரிய இலை, அதன் அடியில் காது முளைத்ததுபோல இரண்டு பக்கமும் இரண்டு குட்டி இலை. சில இலைகளில் அந்தக் குட்டிகள் இல்லாமலும் போகும், அதனால் ஒரே ஓர் இலையைப் பறித்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

இது ஏன் முக்கியம் என்றால், மூன்றுக்கும் வெட்டும் காலம் வேறு. மல்லிகைக்கு நவம்பர் கடைசி வாரம், பிச்சிக்கு டிசம்பர் கடைசி வாரம், முல்லைக்கு ஜனவரி கடைசி வாரம்.

ஜனவரி 19, மறுபடியும்

படம் பார்த்தேன். முல்லைதான். காது இருக்கிறது.

ஜனவரி 20

பச்சைக் கொடியை, அதுவும் தை மாதத்தில், வாசலில் வைத்து வெட்டக் கூடாது என்று விருதுநகர் வாசகரின் மாமியார் சொல்கிறாராம். அவரை எதிர்த்து எழுத எனக்குத் தைரியம் இல்லை. எங்கள் வீட்டு அத்தையும் இதே கட்சிதான். கத்தரியை எடுத்துக்கொண்டு நான் கொல்லைப்புறம் போனாலே பின்னால் வந்து நிற்பார்.

இந்த விஷயத்தில் தமிழர்களுக்கு முன்மாதிரி சரியில்லை. பற்றிக்கொள்ளக் கொம்பில்லாமல் தவித்த முல்லைக்குப் பாரி தேரையே விட்டுவிட்டுப் போனான். அதற்குப் பின் கொடியை வெட்டுகிறவன் எவனும் நல்லவனாகத் தெரியமாட்டான். ஆனாலும் அந்தத் தேரில் ஏறிய கொடியை ஒருவரும் கவாத்துச் செய்யாமல் விட்டிருந்தால் சில வருடத்தில் சக்கரத்தின் அடியில் சருகும், தேர் உச்சியில் நாலு பூவும்தான் மிஞ்சியிருக்கும்.

சமாதானத்துக்கு ஒரு வழி சொல்கிறேன். படத்தில் அடியிலிருந்தே இரண்டு தண்டு பிரிகிறது. ஒன்று பந்தலுக்குப் போகிறது, மற்றது ஜன்னல் கம்பி வழியாக மாடிக்கு. மாடிக்குப் போவதை வெட்டுங்கள். பந்தலில் இருப்பதை மாமியாருக்கு விட்டுவிடுங்கள். எது பூக்கிறது என்று சித்திரையில் இருவரும் சேர்ந்து பாருங்கள்.

ஜனவரி 22

முழங்கால் மட்டத்துக்கு வெட்டச் சொன்னதைப் பற்றி யோசித்தேன். அது வயலுக்கான கணக்கு. வயலில் முல்லை புதர். குனிந்து பறிக்க வசதியாக இருந்தால் போதும், அழகு பற்றி அங்கே யாரும் கேட்பதில்லை. வீட்டில் நிழலுக்கும் பார்வைக்கும் பந்தல் போட்டிருப்பவர், வருடா வருடம் அடியோடு வெட்டினால் பாதி வருடம் வெறும் கம்பியைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

பந்தலுக்கு நான் செய்வது வேறு. முதன்மைத் தண்டு இரண்டோ மூன்றோ பந்தல்வரை அப்படியே இருக்கும். பந்தலின்மேல் அவற்றின் கிளைகளைப் பரப்பிக் கட்டியிருப்பேன். அந்தக் கட்டமைப்பைத் தொடுவதில்லை. அதிலிருந்து வரும் பக்கக் கிளைகளை மட்டும் ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று கணு விட்டு வெட்டுவேன். காய்ந்த குச்சி, குறுக்கே பின்னிக்கொண்டது, சோனித் தண்டு எல்லாம் அடியோடு போய்விடும். பந்தல் ஒரு மாதம் மொட்டையாகத் தெரியும்.

பல வருடம் கத்தரி படாத கொடிக்கு இதுவும் உதவாது. பக்கக் கிளை எது, கட்டமைப்பு எது என்று பிரித்துப் பார்க்கவே முடியாதபடி சிக்கிக் கிடக்கும். அதற்கு முழங்கால் மட்டம்தான். விருதுநகர்க்காரருக்கு மாடிக்குப் போகும் தண்டில் நான் சொன்னது மாறவில்லை.

ஜனவரி 22, பிற்பகல்

வெட்டும்போது கணுவுக்குச் சற்று மேலே, சாய்வாக. கத்தரி கூர்மையாக இருக்கட்டும். தண்டை நசுக்கினால் நுனி கருகி உள்ளே இறங்கும். நோய் கண்ட கொடியை வெட்டியிருந்தால், கத்தரியைத் துடைத்துக் கொதிநீரில் முக்கிவிட்டு அடுத்த கொடிக்குப் போங்கள். அஷ்டமி, நவமி பற்றிக் கேட்டவருக்கு: கொடிக்குப் பஞ்சாங்கம் தெரியாது, உங்கள் மன நிம்மதிக்குப் பாருங்கள்.

பிப்ரவரி 3

வெட்டியாயிற்று என்று விருதுநகரிலிருந்து தகவல் வந்திருக்கிறது. ஒரு தண்டு மட்டும். மாமியார் அன்று முழுவதும் பேசவில்லையாம்.

இனி உரம். கடலைப் புண்ணாக்கை ஊறவைத்து அடிக்கடி ஊற்றியதுதான் அந்தக் கரும்பச்சை. அதில் தழைச்சத்து (நைட்ரஜன்) அதிகம். தழைச்சத்து தொடர்ந்து போனால் கொடி இலையாகவே விட்டுக்கொண்டிருக்கும். கவாத்து முடிந்ததும் அடி மண்ணைக் கிளறிவிட்டு, நன்றாக மக்கிய தொழுவுரம் செடிக்குப் பத்துக் கிலோ வைத்து மூடுங்கள். பச்சைச் சாணம் வேண்டாம், வேரைச் சுடும். கூடவே எலும்புத்தூள் இரண்டு கைப்பிடி, மணிச்சத்துக்கு (பாஸ்பரஸ்). சாம்பல் சத்துக்கு (பொட்டாசியம்) விறகுச் சாம்பல் போடலாம் என்று எழுத வந்தேன். உங்கள் ஊர்த் தண்ணீரை நினைத்து நிறுத்திக்கொண்டேன். உப்பும் சுண்ணாம்பும் ஏற்கெனவே நிறைய. அங்கே சாம்பல் சேரச் சேர மண் இன்னும் காரமாகும். வாழைப்பழத் தோலை மக்கவைத்துப் போடுங்கள், போதும்.

புண்ணாக்குத் தண்ணீரை அரும்பு பிடிக்கும்வரை நிறுத்துங்கள்.

பிப்ரவரி 17

ஓர் அன்பர் கோபமாக எழுதியிருக்கிறார். முல்லைக்குப் பெரும்பொழுது கார்காலம், அதாவது ஆவணி, புரட்டாசி. சங்க இலக்கியம் முழுக்க மழை வந்ததும்தான் முல்லை பூக்கிறது. தையில் வெட்டிச் சித்திரையில் பூக்கவைப்பது இயற்கைக்கு விரோதம் என்கிறார்.

காட்டில் மழையை நம்பி நிற்கும் கொடிக்கு அது சரி. கோடையெல்லாம் காய்ந்து, இலை உதிர்ந்து, முதல் மழையில் புதுத் தளிர் விட்டு, அந்தத் தளிரில் பூக்கிறது. யாரும் தண்ணீர் ஊற்றாத இடத்தில் தளிருக்கு வேறு நேரம் ஏது? வீட்டில் நாம் தையில் வெட்டி, பின் தண்ணீரும் உரமும் கொடுத்து அதே தளிரை முன்கூட்டி வரவழைக்கிறோம். கோடைத் தொடக்கத்தில் பூக்க ஆரம்பித்துப் புரட்டாசி, ஐப்பசிவரை விட்டுவிட்டுப் பூக்கும். கார்காலமும் அதற்குள் வந்துவிடுகிறது, இலக்கியத்துக்கு நட்டம் எதுவும் இல்லை.

சிறுபொழுது மாலை என்றார்களே, அதை மாற்ற யாராலும் முடியவில்லை. இன்றைக்கும் அந்தியில்தான் மலர்கிறது.

மார்ச் 8

மஞ்சள் இலை பற்றி இருவர் கேட்டிருக்கிறார்கள். எல்லா மஞ்சளும் ஒன்றல்ல. கீழே உள்ள முதிர்ந்த இலைகள் முழுதாக மஞ்சளாகி உதிர்ந்தால் தண்ணீர் தேங்குகிறதா என்று பாருங்கள், அல்லது சத்துக் குறைவு. நுனித் தளிர் இலைகள் வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்துக் குறை. சென்னையிலிருந்து வந்த படம் இரண்டாவது வகை.

அந்தச் செடி சுவரை ஒட்டி இருக்கிறது. நகரத்து வீடுகளில் கொடி வைக்கிற இடம் அதுதான். வீடு கட்டும்போது கொட்டிய சிமென்ட், சுண்ணாம்பு, செங்கல் உடைசல் எல்லாம் கிடப்பதும் அதே இடத்தில்தான். மண்ணில் இரும்பு இருக்கும், காரத்தன்மையில் அது வேருக்குக் கிடைக்காமல் கட்டுப்பட்டுப் போகும். அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம் கரைத்து, வெயில் தாழ்ந்தபின் இலை நனையத் தெளியுங்கள். மாதம் ஒரு முறை, வெளிறல் போகும்வரை. சுவரில் பட்டால் துருக்கறை வரும், வெள்ளையடித்த வீடு என்றால் கவனம்.

தெளிப்பது தற்காலிகம்தான். புதிதாக வைப்பவர்கள் சுவரிலிருந்து இரண்டடி தள்ளி ஓர் அடிக்கு ஓர் அடி குழி எடுத்து, அந்த மண்ணை அப்படியே வெளியே கொட்டிவிட்டு, செம்மண்ணும் தொழுவுரமும் போட்டு நடுங்கள். குழியைப் பெரிதாக எடுத்தால் இன்னும் நல்லது. கொடி சாய்ந்து சுவருக்குப் போய்க்கொள்ளும்.

மார்ச் 8, இரவு

முல்லைக் கொடிக்குப் பாம்பு வருமா என்று கேட்கிறீர்கள். முல்லை வாசத்துக்குப் பாம்பு வருவதில்லை. பாம்பு எலிக்கும் தவளைக்கும் வருகிறது. எலியும் தவளையும், அடியில் சருகு குவிந்து ஈரமாக, இருட்டாக இருக்கும் கொடிக்கு வருகின்றன. தரையிலிருந்து இரண்டடிவரை இலையில்லாமல் வெட்டி, சருகை வாரிவிட்டால் அடிப்பகுதி வெளிச்சமாகும். இதற்கும் கத்தரிதான்.

மார்ச் 29

வெட்டிய தண்டில் தளிர் வந்து, அரும்பும் கண்டிருக்கிறது. கூடவே ஒரு சிக்கல். இளம் இலையிலும் அரும்பிலும் வெள்ளைக் கம்பளி ஒட்டியதுபோல இருக்கிறதாம். மாவுப்பூச்சி என்று நினைத்துச் சோப்புத் தண்ணீர் அடித்துப் பலனில்லையாம்.

விரலால் துடைத்துப் பாருங்கள். மாவுப்பூச்சி என்றால் பிசுபிசுவென்று வழிந்து வந்துவிடும். வராவிட்டால் அது பூச்சி இல்லை, இலையே விட்ட முடி. கண்ணுக்குத் தெரியாத ஒரு சிலந்திப் பேன் சாற்றை உறிஞ்சும் இடத்தில் இலை வெல்வெட்டாக மாறிவிடுகிறது. முல்லைக்கு இது பெரிய தொல்லை. பாதித்த நுனிகளைக் கிள்ளி எரித்துவிடுங்கள், குப்பையில் போடாதீர்கள். பிறகு நனையும் கந்தகத் தூள் லிட்டருக்கு 2 கிராம். உச்சி வெயிலில் அடித்தால் இலை கருகும். வேப்பெண்ணெய் அடித்திருந்தால் இரண்டு வாரம் விட்டு அடியுங்கள், இரண்டும் அடுத்தடுத்துச் சேரக் கூடாது.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட ரகங்களில் பாரிமுல்லை இந்தப் பேனுக்குத் தாங்கும். புதிதாக வாங்குபவர்கள் அதையே கேட்டு வாங்குங்கள். நல்ல பெயர்தான் வைத்திருக்கிறார்கள். கோ-1, கோ-2 என்றும் முல்லை ரகங்கள் உண்டு, அவற்றுக்குப் பெயர்வைக்கிறவருக்கு அன்று அலுப்பாக இருந்திருக்கும்.

ஏப்ரல் 16

சித்திரை பிறந்து தீர்ப்பும் வந்துவிட்டது. வெட்டிய தண்டில் ஆள் உயரத்துக்குத் தளிர், கணுவுக்குக் கணு அரும்புக் கொத்து. பந்தலில் விட்டது வழக்கம்போல இலை. மாமியார் இரண்டையும் பார்த்துவிட்டு, "வெட்டின பக்கம் வெயில் அதிகம்" என்று சொன்னாராம்.

அவர் சொல்வதைத் தள்ளிவிட முடியாது. மாடிப் பக்கம் கிழக்கு, காலையிலிருந்து மதியம்வரை நேர் வெயில். பந்தலுக்கு மேலே அடுத்த வீட்டு மாமரம். முல்லைக்கு ஐந்தாறு மணி நேரம் நேர் வெயில் வேண்டும், நிழலில் நீங்கள் எவ்வளவு வெட்டினாலும் தளிர் மெலிந்து நீளுமே தவிரப் பூக்காது. ஆகவே இதைக் கத்தரிக்கு மட்டும் கிடைத்த வெற்றி என்று நான் எழுதமாட்டேன். அடுத்த தையில் பந்தல் தண்டையும் வெட்டினால் பதில் கிடைக்கும். மாமியார் சம்மதிப்பார் என்றே தோன்றுகிறது. பூவைத் தலையில் வைத்துக்கொண்டுதான் வெயிலைப் பற்றிப் பேசினாராம்.

ஏப்ரல் 17

பறிக்கும் நேரம். சந்தைக்கு அனுப்புகிறவர்கள் விடியற்காலையில் முற்றிய அரும்பைப் பறிக்கிறார்கள், பயணத்தில் விரிந்துவிடக் கூடாது என்பதற்காக. வீட்டுக்கு அந்த அவசரம் இல்லை. மூன்று, நான்கு மணிக்கு அன்றைக்கு விரியப்போகும் அரும்பு தனியாகத் தெரியும்: குழல் நீண்டு, பச்சை போய் வெள்ளையாக இருக்கும். அதைப் பறித்து வாழைநாரில் நெருக்கிக் கட்டினால் விளக்கு வைக்கும்போது தலையில் விரியும். பச்சை அரும்பைப் பறித்தால் விரியாமலே வாடும்.

முல்லையைக் கட்டப் பொறுமை வேண்டும். மல்லிகையைவிட மெல்லிய காம்பு, இழுத்துக் கட்டினால் அறுந்துவிடும். அத்தை கட்டுகிற வேகத்தை விவரிக்கச் சொன்னால் முடியாது. நார், விரல், பூ மூன்றும் சேர்ந்து எங்கோ போய்ச் சரமாக வருகிறது. நான் கட்டினால் இடைவெளி விழும். அதைச் சாமிக்கு வைத்துவிடுவார்கள், அவர் ஒன்றும் சொல்லமாட்டார்.

ஜூன் 21

கன்று கேட்டவர்களுக்கு. எல்லாருக்கும் தபாலில் அனுப்ப முடியாது, பதியம் போட்டுக்கொள்ளுங்கள். பக்கத்தில் யாரிடமாவது நல்ல கொடி இருந்தால் போதும். ஓரளவு முற்றிய நீண்ட தண்டை வளைத்து, மண்ணில் படும் இடத்தில் ஒரு கணுவுக்குக் கீழ்ப் பட்டையை லேசாகச் சீவி, புதைத்து, மேலே கல் வையுங்கள். நுனி வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும். மண் காயாமல் பார்த்துக்கொண்டால் மூன்று நான்கு மாதத்தில் வேர் பிடிக்கும், பிறகு தாய்க்கொடியிலிருந்து அறுக்கலாம். தினமும் தோண்டிப் பார்க்கிறவர்களுக்கு வேர் பிடிக்காது.

செப்டம்பர் 9

தொட்டியில் வளருமா என்றால் வளரும், ஆனால் பன்னிரண்டு அங்குலத் தொட்டியில் வைத்துவிட்டுப் பந்தல் நிறையப் பூக் கேட்கக் கூடாது. பதினெட்டு அங்குலத்துக்குக் குறையாத தொட்டி, அல்லது பாதியாக அறுத்த டிரம். அடியில் துளை. செம்மண், மணல், தொழுவுரம் சம பங்கு. தொட்டிக் கொடியைத் தைரியமாக முழங்கால் மட்டத்துக்கே வெட்டலாம், இடத்துக்கும் அதுதான் அளவு. இரண்டு வருடத்துக்கொரு முறை எடுத்து, சுற்றிக்கொண்ட வேரைக் கொஞ்சம் அறுத்து, மண் மாற்றுங்கள். இல்லாவிட்டால் ஊற்றிய தண்ணீர் வேரைச் சுற்றி ஓடி அடித் துளை வழியாக வெளியே போய்விடும், செடி தாகத்தில் நிற்கும்.

எறும்பு ஊர்வதாகச் சொன்னவர் எறும்பை விட்டுவிட்டு இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். அசுவினியோ மாவுப்பூச்சியோ இருக்கும். அதன் இனிப்புக் கழிவுக்குத்தான் எறும்பு வருகிறது.

நவம்பர் 5

திண்டுக்கல்லிலிருந்து வந்த படம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. பூ வரவேண்டிய இடத்தில் பச்சையாக, இலை மாதிரி சின்னச் சின்னக் கொத்து. உரக்குறை என்று சொல்லி ஏதேதோ வாங்க வைத்திருக்கிறார்கள். இது பச்சைப்பூ நோய். செடியின் சாற்றுக் குழாயில் வாழும் ஒரு நுண்ணுயிரால் வருகிறது, வெள்ளை ஈ பரப்புகிறது. வெட்டினாலும் அதே பச்சைதான் திரும்பத் தளிர்க்கும். இந்த இழை முழுக்க வெட்டு வெட்டு என்றே எழுதிக்கொண்டிருக்கிறேன், இங்கே அது உதவாது. வேரோடு பிடுங்கி எரித்துவிடுங்கள். அதிலிருந்து பதியம் போட்டுப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்திருந்தால் அவர்களிடமும் சொல்லிவிடுங்கள்.

டிசம்பர் 12

விருதுநகரிலிருந்து கேள்வி: ஜனவரி கடைசியில் குடும்பத்தோடு வெளியூர் போகிறார்களாம், இரண்டு தண்டையும் இப்போதே வெட்டிவிடலாமா? (இரண்டு தண்டையும் என்று எழுதியிருக்கிறார், கவனித்தேன்.) இப்போது வெட்டினால் மார்கழிப் பனியில் தளிர் மெதுவாகத்தான் வரும், ஊரில் இல்லாத நேரத்தில் அதற்குத் தண்ணீர் ஊற்றவும் ஆள் வேண்டும். திரும்பி வந்து பிப்ரவரி முதல் வாரத்தில் வெட்டுங்கள். ஒரு வாரம் தள்ளிப்போனால் பூவும் ஒரு வாரம் தள்ளி வரும், அவ்வளவுதான்.